கடல் நகர்ந்துச்சு, பேர் நகரலை: கொற்கையில் ஒரு சர்வே பாடம்

கொற்கைக்குப் போயிருக்கீங்களா? நெல்லையில இருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியா போனா வரும் சின்ன ஊர். சுற்றிலும் வயல், வாழை, குளம். கடல் 5 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனா பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான். 2ஆம் நூற்றாண்டில் தாலமி இதைக் 'கொல்கோய்' என்று குறித்திருக்கிறார்.

துறைமுகம் எப்படி வயலுக்குள்ள வந்தது? காரணம் தாமிரபரணி. ஆறு கடலைச் சேரும் இடத்தில் நீரின் வேகம் குறையும். வேகம் குறைஞ்சா வண்டல் படியும். பல நூற்றாண்டு படிந்ததில் கரை கிழக்கே நகர்ந்தது. கப்பல் வரும் இடமும் கூடவே நகர வேண்டியதாயிற்று.

இதை முறையாகத் தேடிப் பார்த்தவர் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல். 1870களில் அவர் செய்த வேலையை மூணு படியாகப் பிரிக்கலாம்.

முதல் படி, பழைய நூல். 'கொல்கோய்', மார்க்கோ போலோ சொன்ன 'காயில்' ஆகிய பேர்கள் எங்கே பொருந்தும் என்று பார்த்தார்.

இரண்டாவது, ஊர்ப்பேர். கொற்கைக்குப் பக்கத்தில் அக்காசாலை என்று ஓர் ஊர் இருக்கு. அக்கசாலை என்றால் பொன் வேலையும் நாணயமும் நடந்த இடம். காயல் என்றால் கடலோர உப்பங்கழி. கொற்கையிலிருந்து கடலை நோக்கி வந்தா பழையகாயல்; ஆற்று முகத்துவாரத்தில் புன்னைக்காயல். 'பழைய' என்ற அடைமொழியைக் கவனிங்க. புதுசா இன்னொண்ணு வந்த பிறகுதானே ஒண்ணைப் பழசு என்று சொல்லுவோம்?

மூன்றாவது, மண். கொற்கையில் தோண்டியபோது வயல் மண்ணுக்குக் கீழே கடல் மணலும் சிப்பிகளும் கிடைத்தன. பழையகாயல் பகுதியில் சீன, அரபுப் பாண்டங்களின் ஓடுகள் சிதறிக் கிடந்தன.

மூன்றாவது படி ஏன் அவசியம்? காயல் என்ற பேர் காயல்பட்டினத்துக்கும் உண்டு. மார்க்கோ போலோ சொன்னது எது என்று பேரை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கால்டுவெல் பழையகாயல் என்றார். காயல்பட்டினம் என்பவர்களும் உண்டு. பேர் ஒரு துப்பு. தீர்ப்பு சொல்ல வேண்டியது மண். பின்னாளில் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரியின் காலம் சுமார் கி.மு. 785 என்று கார்பன் சோதனை காட்டியது.

இப்ப உங்க வேலை. ஊருக்குப் போகும்போது குளம், மடை, ஓடை, திட்டு, வயல் ஆகியவற்றின் பேர்களைப் பெரியவங்ககிட்ட கேளுங்க. பேச்சில் சொல்லும் உச்சரிப்பை அப்படியே எழுதுங்க. வருவாய்த் துறைப் பதிவில் உள்ள பேரைத் தனியாக எழுதுங்க. ஜிபிஎஸ் புள்ளி, தேதி, மண்ணின் தன்மை, ஒரு போட்டோ சேருங்க. பேருக்கு அர்த்தம் தெரியலைனா அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க. ஊகத்தை அர்த்தமாக எழுத வேண்டாம்.

பட்டாவில் சர்வே எண் இருக்கும். வயக்காட்டுப் பேர் பெரும்பாலும் இருக்காது. வயல் பிளாட் ஆனதும் அது ஏதோ ஒரு 'நகர்' ஆகிடும். மணலையும் சிப்பியையும் நாளைக்கும் தோண்டி எடுக்கலாம். பேரைச் சொல்ல ஆள் இருக்கணும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஆச்சிகிட்ட பத்துப் பேர் கேட்டு எழுதிட்டு வாங்க.