விளையாட்டுக் கருவி வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று கணக்குகள்

 

"ஹஜரத், பையன் பிளேஸ்டேஷன் வேண்டும் என்று நச்சரிக்கிறான். வாங்கிக் கொடுப்பது ஆகுமா, ஆகாதா?" என்ற கேள்வி இப்போது பெற்றோர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. நமது வடக்குத்தில் இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. ஆர்ச் கேட்டுக்கு அப்பால் டவுன்ஷிப்பில் நிரந்தர வேலையில் உள்ளவர்களின் குவார்ட்டர்ஸ். இப்பால் ஒப்பந்தத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் வாழும் தெருக்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் இருப்பது இங்கே பத்து வீடுகளில் ஆசையாக முளைக்கிறது.

பொருள் இன்னதென்று தெரியாமல் சட்டம் சொல்லலாகாது. இது டி.வி.யுடன் இணைத்துக் கையில் பிடிக்கும் விசைக்கருவியால் ஆடும் பெட்டி. 1990களில் கேசட் செருகி ஆடிய டி.வி. கேமின் வளர்ந்த உருவம். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரி 2ஆம் நாள் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ரூபாயாக ஏற்றப்பட்டது. பெட்டியை வாங்கினால் வேலை முடிந்ததா? முடியவில்லை. அதற்காக வந்த புதிய ஆட்டங்கள் பல ஒவ்வொன்றும் 4,999 ரூபாய் என விலை வைத்து வந்தன. கட்டண ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை வெளியூர் நண்பர்களோடு இணையத்தில் ஆட வேண்டுமானால் தனியே சந்தா கட்ட வேண்டும்.

விளையாட்டைப் பற்றிய அடிப்படைச் சட்டம்

விளையாட்டு என்றாலே ஹராம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பெருநாளன்று மஸ்ஜிதுன் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி ஏந்தி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் காண்பித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி. அன்னையவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதும் ஹதீஸில் வந்துள்ளது.

அம்பெய்தல், குதிரையைப் பழக்குதல், மனைவியுடன் விளையாடுதல் ஆகிய மூன்றைத் தவிர மற்ற விளையாட்டுகள் வீணானவை என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் திர்மிதியில் உள்ளதே என்று கேட்கலாம். வீண் என்றால் பயனற்றது என்றுதான் பொருள், ஹராம் என்று பொருளாகாது என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த அப்பெருமகனார் தமது இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதிக் களைத்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். அதைத் தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே அழுத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். மக்தபு முடிந்து வந்ததும் டியூஷனுக்கு விரட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பகடை கொண்டு ஆடும் நர்து ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். சதுரங்கம் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபினர் கண்டிப்பாக இருக்கிறார்கள். பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் மக்ரூஹ் என்ற அளவில் ஷாஃபிஈ மத்ஹபினர் நிறுத்துகிறார்கள். ஆக, ஒரு பெட்டியைப் பார்த்து ஆகும், ஆகாது என்று கூறிவிட இயலாது. அது எந்தப் பணத்தால் வருகிறது, உள்ளே எதைக் கொண்டுவருகிறது, வந்தபின் எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்ற மூன்று கணக்குகளையும் பார்த்தே சட்டம் அமையும்.

முதற் கணக்கு: பணம்

மறுமையில் அடியானின் பாதம் நகருமுன் கேட்கப்படும் கேள்விகளில், செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பதும் உண்டு (திர்மிதி). வீண் விரையம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை (17:27) இழித்துரைக்கிறது. விரையமும் செய்யாமல், கஞ்சத்தனமும் செய்யாமல் நடுநிலை பேணுபவர்களை 25:67ஆம் வசனம் புகழ்கிறது.

இமாம் ஷாத்திபி (ரஹ்) போன்றோர் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே நிலைகுலையும் அவசியங்கள், இல்லாவிட்டால் சிரமம் தரும் தேவைகள், இருந்தால் அழகு சேர்ப்பவை என்பன அவை. விளையாட்டுக் கருவி எங்கே நிற்கும்? மூன்றாம் படியில்தான். முதல் இரு படிகளில் ஓட்டை இருக்கும்போது மூன்றாம் படியில் வர்ணம் அடிப்பது அறிவுடைமை ஆகாது. பள்ளிக் கட்டணம் பாக்கி, மளிகைக் கடையில் பாக்கி, தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாக்கி என்றிருக்கும் வீட்டில் இப்பெட்டி நுழைந்தால் அது விரையமே. அதே பெட்டி, கடனில்லாத, ஜகாத் கொடுக்கிற, உறவினரை ஆதரிக்கிற வீட்டில் முபாஹான செலவாக அமையலாம்.

இவ்விடத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது தவணை முறை. "வட்டியில்லாத் தவணை" என்ற பெயரைக் கண்டு நம் சகோதரர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். கிரெடிட் கார்டில் இது நடைபெறும் விதத்தைப் பாருங்கள். கடைக்காரர் விலையில் ஒரு தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார். மீதித் தொகைக்கு வங்கி கடன் தருகிறது. அக்கடனுக்கு வட்டி போடுகிறது. வட்டியும் அசலும் சேர்ந்து பழைய விலைக்கு வந்து நிற்பதால், வாங்குபவருக்கு எதுவும் கூடியதாகத் தெரிவதில்லை. ஆனால் மாதந்தோறும் வரும் வங்கிக் கணக்குத் தாளில் வட்டி என்றே எழுதியிருக்கும். அவ்வட்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஏறியிருக்கும். வட்டியில்லாக் கடன் என்பதே கிடையாது, வட்டியை வேறு பெயரில் மறைத்து வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள் என்ற கருத்தை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் தனது சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாகத் திருமறை (2:279) கூறும்போது, விளையாட்டுப் பொருளுக்காகவா அந்தப் போரை நாம் வீட்டுக்கு அழைப்பது?

கடைக்காரரே தன் பொருளை, பேசி முடித்த ஒரே விலைக்கு, இத்தனை மாதத்தில் தந்துவிடு என்று தவணையில் கொடுத்து, தாமதமானாலும் தொகையை ஏற்றாதிருந்தால், அவ்வியாபாரம் ஆகும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணர வேண்டும். ஆகுமான கடனிலும் ஆபத்து உண்டு. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று கூறி, நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடியுள்ளார்கள் (புகாரி).

பெருநாள் காசை உண்டியலில் சேர்த்து வாங்குகிறேன் என்று பிள்ளை சொன்னால்? அக்காசு பிள்ளையின் சொத்து. தந்தை அதற்குக் காவலரே தவிர உரிமையாளர் அல்லர். பிள்ளையின் நலனைப் பார்த்தே அதைக் கையாள வேண்டும். தந்தை தம் பணத்தை இதற்கென்று ஒதுக்கிச் சேர்த்து வந்தால், அவரிடமுள்ள மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைவுறும்போது அதற்கும் ஜகாத் உண்டு. வாங்கிப் பயன்படுத்தும் பெட்டிக்கு ஜகாத் இல்லை.

இரண்டாம் கணக்கு: பெட்டிக்குள் இருப்பது

ஆட்டங்கள் எல்லாம் ஒரு தரத்தவை அல்ல. பந்தாட்டம், கார் ஓட்டம், புதிர், கட்டடம் கட்டுதல் போன்றவையும் உண்டு. 2013இல் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 போல, கொள்ளையும் கொலையும் விபச்சாரமும் கலந்தவையும் உண்டு. பல ஆட்டங்களின் உறையில் ஐரோப்பிய முறைப்படி 3, 7, 12, 16, 18 என்று வயது எண் அச்சிட்டிருக்கும். 18 என்று போட்டதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, "ஏதோ கேம்தானே" என்று இருக்கும் தந்தை, தம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், உங்கள் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி நாம் அறிந்ததே.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தீமை உள்ளது. சில ஆட்டங்களில் பணம் கட்டி ஒரு பரிசுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே அரிய வீரரும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். காசு போவது நிச்சயம், கிடைப்பது அதிர்ஷ்டம்! இதன் உருவம் சூதாட்டத்தின் உருவமன்றி வேறென்ன? பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018 ஏப்ரலில் சில ஆட்டங்களிலுள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதமானவை என்று அறிவித்தது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சூதுக்குத் திருமறை (5:91) கூறும் காரணம் என்ன? பகையை மூட்டுவதும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பதும். ஆகவே வங்கி அட்டையின் எண்ணைக் கருவியில் பதிந்து வைக்காதீர்கள். பிள்ளை ஒரு விசையை அழுத்தியதும் பணம் போகும் வாசலை அடைத்துவிடுங்கள்.

மூன்றாம் கணக்கு: நேரம்

ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளில் மக்களில் பலர் நட்டமடைகிறார்கள் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி). வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டதும் நபியவர்களை நின்ற நிலையில் விட்டுவிட்டு ஓடியவர்களைக் குறித்து ஜுமுஆ அத்தியாயம் கண்டிக்கிறது. நல்லோர் வாழ்ந்த காலத்திலேயே வேடிக்கை அப்படி இழுத்தது என்றால், இழுப்பதற்கென்றே செய்த பெட்டி நம் பிள்ளைகளை எப்படி இழுக்கும்!

விளையாட்டு நோய் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிவிடுதல், கேடு வந்தும் விடாமை ஆகியன அதன் அடையாளங்கள். ஆடுகிற எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. ஆயினும் அடையாளங்களைப் பெற்றோர் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு பார்ப்பவர்களின் வீடுகளில் இக்கணக்கு இன்னும் கடினம். அத்தா இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவார், அப்போது டி.வி. அலறக்கூடாது. அவர் மாலை ஷிப்டு போன வாரத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் பிள்ளையை எழுப்பிப் பள்ளிவாசலுக்கு அனுப்புவது யார்? அம்மா ஒருத்தியே அடுப்பையும் பார்த்து, ஆட்டத்தையும் நிறுத்தச் சொல்லிப் போராட வேண்டுமா? வாங்கும் முன் வீட்டம்மாவைக் கலந்து பேசாத கணவர், தாம் வாங்கும் சண்டையை அவர் தலையில் சுமத்துகிறார்.

இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்துள்ளார்கள் (புகாரி). ஃபஜ்ரைக் காப்பாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. இஷாவுக்குப் பின் கருவி அணைந்திருக்கும் என்ற ஒரே விதியை உறுதியாக நிறைவேற்றினால், பாதித் தீமை அத்துடன் நின்றுவிடும்.

மறுத்துவிட்டால் போதுமா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். "இவ்வளவு தொல்லை எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததே!" தீராது, சகோதரர்களே! வேண்டாம் என்ற வீட்டில் செல்போன் இருக்கிறது. கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் ஆடுகிற ஆட்டத்தைவிட, போர்வைக்குள் தனியே ஆடுகிற ஆட்டம் ஆபத்தானது. பெட்டியை மறுத்துவிட்டுப் போனைக் கையில் திணிக்கும் தந்தை, முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்தவர் ஆவார்.

பிள்ளை கேட்பது பல சமயம் பெட்டியை அல்ல, கூட ஆட ஓர் ஆளைத்தான். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியுள்ளார்கள் (அபூதாவூத்). நாம் ஷிப்டு இல்லாத நாளில் பிள்ளையுடன் ஒரு மணி நேரம் பந்து தட்டியதுண்டா? மறுக்கும் உரிமை தந்தைக்கு உண்டு. மறுத்த இடத்தில் தம் நேரத்தை வைக்கும் கடமையும் அவருக்கே உண்டு.

எப்படி முடிவு செய்வது?

முதலாவது, பிள்ளை கேட்ட அன்றே ஆம் என்றோ இல்லை என்றோ கூறாமல் மூன்று மாதம் தவணை வையுங்கள். அம்மூன்று மாதமும் இப்போதுள்ள போனிலேயே, நாளொன்றுக்கு இவ்வளவு நேரம், இஷாவுக்குப் பின் இல்லை, பாங்கு ஒலித்ததும் நிறுத்த வேண்டும் என்ற விதியை நடத்திப் பாருங்கள். சிறிய திரையில் நிறுத்த முடியாத பிள்ளை பெரிய திரையில் நிறுத்தமாட்டான்.

இரண்டாவது, "ஐவேளை தொழுதால் வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசாதீர்கள். பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது நல்லதே. ஆயினும் தொழுகைக்கு விலை வைத்தால், விலை கிடைத்ததும் தொழுகை நின்றுவிடும்.

மூன்றாவது, ரொக்கம் சேர்ந்தால் மட்டும் வாங்குங்கள். கடனில்லாமல் சேரவில்லையா? அதுவே அல்லாஹ் காட்டும் பதில் என்று கொள்ளுங்கள். சேர்ந்தாலும் புதிய மாடல்தான் வேண்டும் என்ற அவசியமில்லை. பழைய கருவி நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தட்டு போட்டு ஆடும் வகையானால், ஆடி முடித்த ஆட்டத்தை நண்பருக்கு இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். தட்டில்லாத வகையில் அதற்கு வழியில்லை.

நான்காவது, வைக்கும் இடம் கூடமாக இருக்கட்டும், படுக்கையறை வேண்டாம்.

இம்மூன்று கணக்கும் சரியாக வரும் வீட்டுக்கு இது முபாஹ். ஒன்று தவறினாலும் தள்ளி வைப்பதே தக்வா. வட்டியால் வந்தாலோ, சூதைக் கொண்டுவந்தாலோ, ஃபர்ளான தொழுகையை விழுங்கினாலோ, ஆகாது என்பதில் ஐயமில்லை. குவார்ட்டர்ஸ் பையனிடம் இருக்கிறதே என்று ஏங்கும் பிள்ளைக்கு, உலக விஷயத்தில் நமக்குக் கீழே உள்ளவரைப் பார்க்கச் சொன்ன நபிமொழியை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். நமக்குக் கீழே உள்ளவர் யார் என்று கேட்டால், கொளுத்தும் வெயிலில் தினக்கூலிக்கு உழைப்பவரின் பிள்ளையை நினைவூட்டுங்கள். முடிந்தால் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை அப்பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். விளையாட்டில் கிடைக்காத ஓர் இன்பம் அதில் இருக்கிறது என்பதை அவன் அன்று அறிந்துகொள்வான்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாகவும், எங்கள் செலவை நடுநிலையாகவும், எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும் ஆக்கியருள்வாயாக! ஆமீன்.