கிராபிக்ஸ் கார்ட் சார்ட்களைச் சரியாகப் படிப்பது எப்படி?

வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால், கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே "நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வேண்டும்" என்ற பேச்சு தொடங்கிவிடும். கம்ப்யூட்டரின் மற்ற எந்தப் பாகத்தையும் விட இதன் விலை அதிகமாக இருப்பதுண்டு. எனவே வாங்கும் முன் விமர்சனக் கட்டுரைகளைப் படிக்கிறோம். அவற்றில் பக்கத்திற்குப் பக்கம் வண்ணப் பட்டைகளுடன் சார்ட்கள் இருக்கும். எந்தப் பட்டை நீளமோ, அந்தக் கார்டே சிறந்தது என்று தோன்றும். நான் பட்டையின் நீளத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை இங்கு காணலாம்.

எண் எதைக் குறிக்கிறது?

பல கார்டுகளுக்கு ஒரே வேலையைக் கொடுத்து, எது எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று அளப்பதே பெஞ்ச்மார்க் சோதனை. கேம் திரையில் ஓடுவது, சினிமா போலவே, அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களால்தான். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஒரு நொடியில் எத்தனை பிரேம்கள் கிடைக்கின்றன என்பதே எப்.பி.எஸ். இந்த எண் கூடுதலாக இருப்பது நல்லது. சில சார்ட்களில் ஒரு பிரேமுக்கு ஆகும் நேரத்தை மில்லி செகண்டில் தருவார்கள். அங்கே எண் குறைவாக இருப்பதுதான் நல்லது. எனவே சார்ட்டின் தலைப்பையும், அலகையும் முதலில் படிக்கவும்.

1. அளவுகோல் எங்கே தொடங்குகிறது?

ஒரு கார்ட் 92 பிரேம், மற்றொன்று 100 பிரேம் தருவதாக வைத்துக்கொள்வோம். உண்மையான வித்தியாசம் 9 சதவீதத்திற்கும் குறைவு. சார்ட்டின் அளவுகோல் 0-ல் தொடங்கினால், இரு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கும். அதே அளவுகோல் 90-ல் தொடங்கினால், ஒரு பட்டை 2 அளவும், மற்றது 10 அளவும் நீண்டு, ஐந்து மடங்கு வேகம் போலக் காட்டும். இதில் எப்போதும் வஞ்சகம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே 0-ஐ விட்டுவிட்டு மேலே தொடங்குவதுண்டு. நீங்கள் சார்ட் தயாரித்தால், எண்கள் உள்ள அச்சின் மீது ரைட் கிளிக் செய்து, பார்மட் ஆக்சிஸ் பிரிவில் மினிமம் என்ற இடத்தில் 0 எனக் கொடுக்கவும்.

2. சராசரி மட்டும் போதுமா?

இரண்டு கார்டுகளும் ஒரு நொடியில் 60 பிரேம்கள் தருகின்றன. முதல் கார்ட் ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 16.7 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கார்ட் 59 பிரேம்களைத் தலா 10 மில்லி செகண்டில் முடித்துவிட்டு, ஒரே ஒரு பிரேமுக்கு 410 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. சராசரி இரண்டிற்கும் 60 தான். ஆனால் இரண்டாவதில் கேம் ஏறக்குறைய அரை நொடி நின்றுபோகும். பந்து பேட்டுக்கு வரும் நேரத்தில் திரை உறைந்தால், சராசரி எண்ணால் என்ன பயன்?

2011-ல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாஸன், ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரத்தை அளந்து எழுதிய கட்டுரை, விமர்சனம் எழுதும் முறையையே மாற்றியது. இன்று பல சார்ட்களில் சராசரியின் அருகே "1 சதவீத லோ" என்ற எண்ணும் இருக்கும். மிக மெதுவாக வந்த 1 சதவீத பிரேம்களின் வேகத்தை அது காட்டுகிறது. கணக்கிடும் முறை இடத்திற்கு இடம் மாறும் என்பதால், ஒரு விமர்சனத்தின் லோ எண்ணை வேறொரு விமர்சனத்தின் எண்ணுடன் ஒப்பிட வேண்டாம்.

3. எந்த ரெசல்யூசன்? எந்தப் பிராசசர்?

1920 x 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840 x 2160 திரையில் அதைப் போல நான்கு மடங்கு. எனவே உங்கள் மானிட்டரின் ரெசல்யூசனுக்கு உரிய சார்ட்டை மட்டும் பார்க்கவும். மேலும் விமர்சகர்கள், கார்டின் முழு வேகமும் வெளிப்பட வேண்டும் என்பதற்காக, மிக வேகமான பிராசசருடன் சோதிப்பார்கள். உங்களிடம் பழைய பிராசசர் இருந்தால் அந்த எண் உங்கள் வீட்டில் கிடைக்காமல் போகலாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறை மட்டுமே திரையைப் புதுப்பிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

4. ஒரே தரத்தில் சோதித்தார்களா?

2001-ல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்ட் வெளியானபோது, குவேக் 3 கேமின் பைல் பெயரை "குவாக்" என்று மாற்றிச் சோதித்தார்கள். வேகம் குறைந்தது, படத்தின் தரம் கூடியது! கேமின் பெயரைக் கண்டதும் டிரைவர் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது இதனால் தெரியவந்தது.

2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070, 4090 கார்டின் செயல்திறனைத் தரும் என்றார். 2022-ல் வெளியானபோது 4090-ன் விலை 1,599 டாலர். கார்ட் வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே ஏ.ஐ. மூலம் மூன்று பிரேம்கள் வரை உருவாக்கிச் சேர்க்கும் வசதியுடன் போடப்பட்ட கணக்கு அது. அந்த வசதி இல்லாமல் சோதித்தபோது 5070 வெகுவாகப் பின்தங்கியது. இடையில் சேர்த்த பிரேம்கள் அசைவைச் சீராகக் காட்டும். ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் தரும் வேகத்தைக் கூட்டாது. எனவே இரு வகை எண்களையும் ஒரே பட்டையில் கலக்காமல் தனித்தனியே காட்டும் விமர்சனத்தையே நம்பவும்.

வாங்கும் முன் ஒரு சிறிய அட்டவணை

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடவும். கார்டின் பெயர், உங்கள் ரெசல்யூசனில் சராசரி, 1 சதவீத லோ, கடை விலை. நீங்கள் விளையாடும் கேம்களுக்கு மட்டும் எண்களை எழுதவும். பின் விலையைச் சராசரியால் வகுக்கவும். உதாரணமாக, ரூ.24,000 கார்ட் 80 பிரேம் தந்தால் ஒரு பிரேமுக்கு ரூ.300. ரூ.36,000 கார்ட் 90 பிரேம் தந்தால் ரூ.400. கூடுதல் 10 பிரேமுக்கு ரூ.12,000 தரலாமா என்பதை உங்கள் குடும்பம் முடிவு செய்யலாம். இரு கார்டுகளுக்கு இடையே ஓரிரு பிரேம்கள் மட்டுமே வித்தியாசம் எனில் அவற்றைச் சமமாகவே கருதவும். ஒரே கார்டை மூன்று முறை சோதித்தாலே அந்த அளவு மாறக்கூடும்.

கார்டைப் பொருத்திய பின், அதே கேமின் அதே பகுதியை மூன்று முறை ஓட்டி, கிடைத்த எண்களைத் தாளில் குறித்து வையுங்கள். பின்னாளில் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்ற சந்தேகம் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வீட்டுக் கணக்கே கையில் இருக்கும்.