சிசுக்களுக்குக் கேள்வி கணக்கு உண்டா?

கிறிஸ்தவ அண்டை வீட்டாரின் கைக்குழந்தை இறந்துவிட்டால் துக்கம் விசாரிக்கச் செல்லும் நம்மவர் சிலர், "ஞானஸ்நானம் பெறாத பிள்ளை அவர்கள் மதப்படி நரகத்திற்கல்லவா போகும்?" என்று தங்களுக்குள் பேசிக் கொள்கிறார்கள். மூட்டையைப் பிரித்துப் பாராமல் சரக்குக்கு விலை சொல்லுவது வியாபாரிக்கு அழகன்று. அவர்கள் சொல்வது என்னவென்று முதலில் அறிவோம்.

ஆதம் (அலை) அவர்களின் பிழை பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் பற்றுகிறது என்பது மேலைக் கிறிஸ்தவத்தின் பழைய கொள்கை. ஜென்மபாவம் என்பது அதன் பெயர். இதனை வலியுறுத்தியவர் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்தீன் (354–430). ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, ஆயினும் அது மிக இலேசானது என்றார் அவர். பின்வந்தோருக்கு இதுவும் கடுமையாகவே பட்டது. அச்சிசுக்கள் வேதனையுமின்றி, இறை தரிசனமுமின்றி, லிம்போ என்னும் எல்லைப்புறத்தில் இருக்கும் என்றனர் தாமஸ் அக்குவினாஸ் (மறைவு 1274) போன்றோர்.

கத்தோலிக்க சபை லிம்போவைக் கட்டாய விசுவாசமாக ஒருபோதும் விதித்ததில்லை. இருந்தும் ஜனங்கள் அஞ்சினர். சிசு உயிருக்குப் போராடினால் பாதிரியாருக்குக் காத்திராமல் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபை அனுமதித்தது. அப்படியும் முந்திக் கொண்டு இறந்த சிசுக்களுக்கு அயர்லாந்தில் சபையின் மையவாடியில் இடமில்லை. கில்லீன் எனப்படும் தனி நிலங்களில், பெரும்பாலும் இரவு நேரத்தில், தகப்பனே கொண்டுபோய்ப் புதைத்தான். 20ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

இன்று நிலை வேறு. 1992ல் வெளிவந்த கத்தோலிக்க போதனை நூல் அச்சிசுக்களை இறைவனின் கருணையில் ஒப்படைக்கிறது. 2007ல் வத்திக்கானின் இறையியல் குழு, அவர்கள் ஈடேற்றம் பெறுவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. கீழைச் சபையினரோ ஆதமின் குற்றம் பிள்ளைக்கு வருவதில்லை, மரணமே வருகிறது என்பர். பாப்டிஸ்டுகள் சிசுவுக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை; நன்மை தீமை தெரியும் பருவத்திற்குமுன் இறந்த பிள்ளை இறைவனிடமே சேரும் என்பது அவர்களில் மிகப் பலரின் நம்பிக்கை. அப்பருவம் எது? 1910ல் போப் பத்தாம் பயஸ் அதை ஏறத்தாழ 7 வயது என்றார்.

நம் மார்க்கத்தில் 7 வயது தொழுகையை ஏவும் வயது மட்டுமே. பாலிகாகும் வரை பாவம் எழுதப்படுவதில்லை. ஆதம் (அலை) அவர்களின் பிழை அவர்களின் தவ்பாவோடு மன்னிக்கப்பட்டது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆனின் தீர்ப்பு. ஆனால் பாவம் இல்லை என்பதால் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பிள்ளை அடுத்த கடைப் பீங்கானை உடைத்தால் அதன் சொத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும். எத்தீமின் சொத்துக்கும் ஜகாத் உண்டு, அதைப் பொறுப்பாளர் கொடுக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனபிகள் இதில் வேறுபடுவர்.

முஸ்லிமல்லாதாரின் சிசுக்களைப் பற்றி நம் உலமாக்களிடையேயும் கருத்து வேற்றுமை இருந்தது. சிலர் மௌனம் காத்தனர். சிலர் பெற்றோரோடு சேர்த்தனர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இவற்றை எடுத்துரைத்து, அவர்கள் சுவர்க்கவாசிகளே என்பதுதான் சரியான சொல் என முடிவு செய்தார்கள். ரசூல் (ஸல்) அவர்கள் கனவில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைச் சூழ்ந்திருந்த சிசுக்களைக் கண்டதும், முஷ்ரிக்குகளின் பிள்ளைகளும் அவர்களில் உண்டா என்று வினவப்பட்டபோது ஆம் என்றதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது.