கன்டெய்னர் கிளஸ்டருக்கு ஒரு டேஷ்போர்டு

நம் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் முடங்கிப் போனால் நாம்தான் அதை மீண்டும் இயக்க வேண்டும். பெரிய இணைய தளங்களில் ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் இயங்குகின்றனவே, அவற்றை யார் கவனிப்பது?

அங்கே ஒவ்வொரு புரோகிராமும் தனக்குத் தேவையான பைல்களுடன் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டியில் வைக்கப்படுகிறது. பல கம்ப்யூட்டர்களை இணைத்த தொகுதிக்கு கிளஸ்டர் என்று பெயர். அதில் இந்தப் பெட்டிகளைக் கண்காணிப்பது குபெர்னெட்டிஸ் என்ற இலவச சாப்ட்வேர். கூகுள் 2014ல் இதனை அறிவித்தது. கிரேக்க மொழியில் இதற்கு "சுக்கான் பிடிப்பவர்" என்று பொருள். இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பழகிப் பார்க்கலாம். 8 ஜிபி ராம் மெமரி இருந்தால் நல்லது.

1. டாக்கர் நிறுவனத்தின் தளத்திலிருந்து டாக்கர் டெஸ்க்டாப் புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். வீட்டுப் பயன்பாட்டிற்குக் கட்டணம் இல்லை.

2. அதைத் திறந்து குபெர்னெட்டிஸ் வசதியை இயக்கவும். பதிப்பைப் பொறுத்து இது செட்டிங்ஸ் பகுதியிலோ, இடது பக்க மெனுவிலோ இருக்கும். தேவையான பைல்கள் இறங்கச் சில நிமிடங்கள் ஆகலாம். இப்போது ஒரே கம்ப்யூட்டர் கொண்ட சிறிய கிளஸ்டர் தயார்.

3. அடுத்து ஹெட்லாம்ப் என்ற டேஷ்போர்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து பெற்று இன்ஸ்டால் செய்திடவும். முன்பு பலரும் பயன்படுத்திய "குபெர்னெட்டிஸ் டேஷ்போர்டு" இப்போது பராமரிக்கப்படுவதில்லை.

4. ஹெட்லாம்பைத் திறந்தால் "டாக்கர் டெஸ்க்டாப்" என்ற பெயரில் உங்கள் கிளஸ்டர் தெரியும். அதில் கிளிக் செய்து, ஒர்க்லோட்ஸ், பாட்ஸ் எனச் செல்லவும். பாட் என்பது கன்டெய்னரைத் தாங்கும் உறை.

இனி ஒரு சோதனை. பட்டியலில் "கோர்டிஎன்எஸ்" எனத் தொடங்கும் இரண்டு பாட்கள் இருக்கும். ஒன்றைத் திறந்து, டெலீட் செய்திடவும். பயப்பட வேண்டாம். சில நொடிகளில் வேறு பெயரில் புதியது ஒன்று வந்து நிற்கும். "இரண்டு இருக்க வேண்டும்" என்ற கட்டளையை குபெர்னெட்டிஸ் தானே நிறைவேற்றுகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? டெலீட் செய்யும்போது பாஸ்வேர்ட் எதுவும் கேட்கப்படவில்லை. உங்கள் யூசர் போல்டருக்குள் உள்ள "கன்பிக்" என்ற பைல்தான் சாவி. அதை டேஷ்போர்டு தானாகவே படித்துக்கொண்டது. அந்த பைல் யாரிடம் இருக்கிறதோ, சுக்கானும் அவரிடமே. எனவே அதை யாருக்கும் மெயிலில் அனுப்பாதீர்கள்.

டெஸ்லா கார் நிறுவனத்தின் குபெர்னெட்டிஸ் டேஷ்போர்டு ஒன்று பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது 2018ல் தெரிய வந்தது. உள்ளே புகுந்தவர்கள் அதன் கம்ப்யூட்டர்களில் டிஜிட்டல் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தனர்! எனவே டேஷ்போர்டு உங்கள் கம்ப்யூட்டரோடு நிற்கட்டும். வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்குமே என்று அதை இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம்.

பழகி முடித்ததும் டாக்கர் டெஸ்க்டாப்பை மூடிவிடுங்கள். மெமரி மிச்சமாகும்.