வணிகக் கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை: சில அடிப்படைகள்

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் செல்லும் வழியில் சுள்ளிக்கல் அமைந்துள்ளது. இவ்வழியே செல்வோர் இரு வகைக் கட்டடங்களைக் காணலாம். ஒன்று, மிளகும் சுக்கும் ஏற்றுமதியான காலத்தில் எழுந்த பழைய பண்டகசாலை. செம்பாறைக் கல்லால் ஆன கனத்த சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம் ஆகியவை அதன் அடையாளம். மற்றொன்று, கீழே கடைகளும் மேலே வங்கிக் கிளையும் அலுவலகங்களும் கொண்ட மூன்றடுக்குக் கான்கிரீட் கட்டடம். முன்னது மின்சாரம் வருவதற்கு முன்பே காற்றோட்டத்திற்காகத் திட்டமிடப்பட்டது. பின்னது மின்சாரம் இல்லையேல் ஒரு மணி நேரமும் இயங்காது. இன்று பண்டகசாலைகள் சிலவும் உணவகங்களாகவும் விற்பனைக் கூடங்களாகவும் மாறிக் குளிர்சாதனம் பொருத்தப்பெற்று, இரண்டாம் வகையிலேயே சேர்ந்துவிட்டன.

இக்கட்டடங்கள் செலவிடும் மின்சாரத்தில் தேவையானது எவ்வளவு, வீணாவது எவ்வளவு என்னும் கேள்விக்கு விடை காணும் முறையே எரிசக்தித் தணிக்கை ஆகும். கணக்குத் தணிக்கையாளர் ரூபாயைப் பின்தொடர்வதுபோல, எரிசக்தித் தணிக்கையாளர் யூனிட்டைப் பின்தொடர்கிறார். எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கணக்குத் தணிக்கை தவற்றைக் கண்டு குறிப்பெழுதுவதோடு நின்றுவிடலாம். எரிசக்தித் தணிக்கையோ, 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் விளக்கப்படியே, பரிந்துரைகளையும் அவற்றின் வரவு செலவு ஒப்பீட்டையும் நுகர்வைக் குறைப்பதற்கான செயல்திட்டத்தையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும். இவை இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருப்பினும் தணிக்கை ஆகாது.

சட்டம் எட்டும் தூரம்

மேற்படிச் சட்டத்தின் கீழ் எரிசக்தித் திறன் வாரியம் 2002 மார்ச் 1 அன்று நிறுவப்பட்டது. அவ்வாரியம் முதலில் கையில் எடுத்த பணிகளுள் ஒன்று தலைநகரின் அரசுக் கட்டடங்களைத் தணிக்கை செய்தது ஆகும். குடியரசுத் தலைவர் மாளிகையும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் அப்பட்டியலில் இருந்தன. நுகர்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை மிச்சப்படுத்த இயலும் என்பது அத்தணிக்கைகளில் தெரியவந்தது. 2007இல் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. 2017இல் அது திருத்தி அமைக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தின் கட்டட விதிகள் 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு, அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவைக்கு மேற்பட்ட கட்டடங்களையே முக்கியமாகக் குறிவைக்கின்றன. கேரளத்தில் உயர் அழுத்த நுகர்வோருக்கே தணிக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சுள்ளிக்கல்லின் மூன்றடுக்குக் கட்டடம் இவ்விரு வலைகளின் கண்ணியிலும் சிக்காமல் நழுவிவிடும். இத்தகைய கட்டடங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றின் உரிமையாளர்கள் தாமாக முன்வந்தாலொழியத் தணிக்கை நடைபெறாது. ஆதலின் அவர்களுக்குப் புரியும் மொழியில், அதாவது ரூபாய்க் கணக்கில், இதனை விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டடத்தின் கணக்கு

விளக்கத்திற்காகக் கற்பனையாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தத் தளப்பரப்பு 1,200 சதுர மீட்டர். பாதிக்கும் குறைவான பரப்பிலேயே குளிர்சாதனம் உண்டு. ஆண்டு நுகர்வு 1,08,000 யூனிட். கட்டணம் இணைப்பின் வகையைப் பொறுத்து மாறுமாயினும், சராசரியாக யூனிட்டுக்கு 9 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 9,72,000 ரூபாய் ஆகிறது.

தணிக்கையாளர் முதலில் கேட்பது கருவிகளை அன்று. கடந்த 12 மாத மின்கட்டணச் சீட்டுகளையே கேட்பார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுச் சீட்டுகள் கிடைத்தால் இன்னும் நன்று. நுகர்வைத் தளப்பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 90 யூனிட் வருகிறது. இதுவே கட்டடத்தின் எரிசக்திக் குறியீடு. எரிசக்தித் திறன் வாரியம் 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரவரிசையைக் கொண்டுவந்தபோது, கொச்சி போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில், பாதிக்கும் குறைவாகக் குளிர்சாதனம் கொண்ட கட்டடங்களுக்கு 85 முதல் 75 வரை ஒரு நட்சத்திரம் என்றும், 45க்குக் கீழ் ஐந்து நட்சத்திரம் என்றும் வகுத்தது. நம் கட்டடம் சிறியதாதலின் அத்திட்டத்திற்குள் வராது. ஒப்பீட்டிற்காக வைத்துப் பார்த்தால், 90 என்பது ஏணியின் முதற்படிக்கும் வெளியே நிற்கிறது.

அடுத்தது கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தல். தணிக்கையாளர் மின்னோட்டத்தை அளக்க டாங் டெஸ்டரும், வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டரும், ஒரு வெப்பமானியும் கொண்டு ஒவ்வோர் அறையாகச் செல்கிறார். எத்தனை விளக்கு, எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று பட்டியல் எழுதுகிறார். பட்டியலின் கூட்டுத்தொகை சீட்டில் உள்ள நுகர்வோடு ஏறத்தாழப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் ஏதோ ஒரு சுமை விடுபட்டுள்ளது என்று பொருள்.

நம் கட்டடத்தில் 20 குளிர்சாதனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.5 கிலோவாட், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள். அந்நேரத்தில் கம்ப்ரசர் 60 சதவீதம் ஓடுவதாகக் கொண்டால் 43,200 யூனிட். சோக்குடன் சேர்த்து 50 வாட் எடுக்கும் பழைய குழல் விளக்குகள் 120. நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் 18,000 யூனிட். மின்விசிறி, கணிப்பொறி, தண்ணீர் மோட்டார், மின்தூக்கி முதலியன எஞ்சியவை. ஆனால் இவை யாவும் பகல் கணக்கு.

இரவில் ஓடும் மீட்டர்

எல்லாக் கடைகளும் அடைத்தபின் இரவு 10 மணிக்கு மீட்டரைப் படித்து, காலை 6 மணிக்கு மறுபடி படிக்க வேண்டும். மீட்டர் சி.டி. வழியாக இணைக்கப்பட்டிருந்தால் அதற்குரிய பெருக்கெண்ணால் பெருக்க மறக்கலாகாது. இந்த எளிய சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை, கருவியும் வேண்டா. எனினும் தணிக்கையில் இதனைப்போல் வியப்பளிக்கும் பகுதி வேறில்லை என்பது என் கருத்து.

நம் கட்டடத்தில் இரு அளவுகளுக்கும் இடையே 48 யூனிட் வேறுபாடு உள்ளதாகக் கொள்வோம். ஆள் நடமாட்டமே இல்லாத 8 மணி நேரத்தில் சராசரியாக 6 கிலோவாட் சுமை ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு 17,520 யூனிட். மொத்த நுகர்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. எங்கே போகிறது? பணம் வழங்கும் இயந்திர அறையின் குளிர்சாதனம், பாலகத்தின் குளிர்ப்பெட்டி, வங்கியின் சர்வர் ஆகியவை நியாயமானவை. அவற்றுக்கு 2 கிலோவாட் ஒதுக்கலாம். எஞ்சிய 4 கிலோவாட் யாருடையதும் அன்று. அணைக்கப்படாத யு.பி.எஸ்.கள், படிக்கட்டு விளக்குகள், விடியும்வரை எரியும் பெயர்ப்பலகைகள், மூடப்பட்ட அறையில் ஓடும் ஒரு குளிர்சாதனம், மிதவை வால்வு பழுதானதால் தொட்டி வழிய வழிய ஓடும் மோட்டார் என்று அது சிதறிக் கிடக்கும். இதனை நிறுத்தினால் ஆண்டுக்கு 11,680 யூனிட், அதாவது 1,05,120 ரூபாய் மிச்சம். முதலீடு, பொறுப்பான ஒரு காவலரும் ஒரு சில டைமர்களும் மட்டுமே.

விளக்கு, பின்னர் குளிர்ச்சி

120 குழல் விளக்குகளுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினால் 10,800 யூனிட் குறையும்; 97,200 ரூபாய் மிச்சம். விளக்குக்கு 400 ரூபாய் வீதம் செலவு 48,000 ரூபாய் எனில், போட்ட முதல் ஆறு மாதத்தில் திரும்பிவிடும். இம்மிச்சத்திற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கேரளத்தில் மின்தேவை உச்சத்தை எட்டுவது மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. கடைகளில் விளக்குகள் எரிவதும் அப்போதுதான். மாநிலம் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி நீர்மின் நிலையத்தின் நீரை உச்ச நேரத்திற்கெனப் பேணி வைப்பது மின் நிர்வாகத்தின் நாள்தோறுமான கவலை. மாலை 7 மணிக்குக் குறையும் ஒரு யூனிட், நண்பகலில் குறையும் யூனிட்டைவிட நாட்டுக்கு விலைமதிப்பு மிக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவான்ஸ் 1865இல் நிலக்கரி பற்றி எழுதிய நூலில், திறன் பெருகினால் நுகர்வு குறைவதற்கு மாறாகக் கூடவும் கூடும் என்று சுட்டிக்காட்டினார். எல்.இ.டி. மலிவாகக் கிடைத்ததும் கண்ணாடிப் பேழைகளில் விளக்கை இரட்டிப்பாக்கிய நகைக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

குளிர்சாதனத்தில் எளிய வழி வெப்பநிலையை உயர்த்துவது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணிப்பு. நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்னும் விதி 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நம் கட்டடத்தில் 20 பாகையிலிருந்து 24க்கு மாற்றி, மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால், எச்சரிக்கையாகக் கணக்கிட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு, 8,640 யூனிட் குறையும்.

கொச்சியில் வெப்பத்தைவிட ஈரமே பெரிய எதிரி. கதவு திறந்திருக்கும் கடையில் குளிர்சாதனம் தன் உழைப்பின் கணிசமான பகுதியை வெளிக்காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுப்பதிலேயே செலவிடுகிறது. ஓட்டுக்கூரையின் கீழ் உள்கூரை அமைக்காமல் குளிர்சாதனம் பொருத்துவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும். வரிசை முக்கியம்: முதலில் கூரை, கதவு, சன்னல், பின்னரே இயந்திரம். நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், நுகர்வை 38 சதவீதம் குறைக்கும் இலக்குடன் 2009இல் அறிவிக்கப்பட்ட சீரமைப்பு இதற்குச் சான்று. அங்கு 6,514 சன்னல்களையும் கட்டடத்திற்குள்ளேயே புதுப்பித்தனர். குளிர்ச்சித் தேவை குறைந்தமையால், பெரிய குளிரூட்டும் இயந்திரங்களைப் புதிதாக வாங்காமல் இருந்தவற்றையே செப்பனிட்டுக்கொள்ள முடிந்தது.

நம் மூன்று நடவடிக்கைகளும் சேர்ந்து 31,120 யூனிட்; ஆண்டுக்கு 2,80,080 ரூபாய். எரிசக்திக் குறியீடு 90இலிருந்து 64 ஆகிறது. மேற்படித் தரவரிசையில் அது மூன்று நட்சத்திரத்திற்குரிய இடம்.

யார் செலவிடுவது, யார் பெறுவது

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் செயற்படுத்துவதில்லை? மட்டாஞ்சேரிப் பகுதியில் விடை வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. கூரை உரிமையாளருடையது, மின்கட்டணம் வாடகைதாரருடையது. உள்கூரைக்கு உரிமையாளர் செலவிட்டால் பயன் வாடகைதாரருக்குச் செல்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைதாரரோ, மூன்றாண்டில் பலன் தரும் முதலீட்டைச் செய்யத் துணியார். தலைமுறைகளாகத் தொடரும் பழைய வாடகைக் கடைகளில் இருவருமே செலவிட மாட்டார்கள். இருவரில் எவரும் அறிவிலியல்லர். இருவரும் தத்தம் கணக்கைச் சரியாகவே போடுகின்றனர்.

அரசு அலுவலகங்கள் இதனினும் மேம்பட்டவை எனக் கூற இயலவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் தணிக்கை அறிக்கை பெறப்பட்டது, அருமையான அறிக்கை. மின்கட்டணம் அலுவலகச் செலவினத் தலைப்பிலிருந்து செலுத்தப்படுகிறது. விளக்கு மாற்றுவதோ சிறு பணிகள் என்னும் வேறு தலைப்பு. அதற்குரிய ஒப்புதலும் வேறிடம். முதல் ஆண்டில் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை மார்ச் 31 அன்று காலாவதியாகும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் அதே அளவுக்குக் குறைக்கப்படும் என்று கணக்கர் நினைவூட்டினார். அவர் கூறியதில் பிழை ஏதும் இல்லை. கோப்பு இரண்டு நிதியாண்டுகள் சுற்றியது. நானும் அதில் இருமுறை 'பேசுக' என்று எழுதியவனே.

இம்முட்டுக்கட்டையைத் தாண்டுவதற்கு ஏற்பட்டதே எரிசக்திச் சேவை நிறுவனங்களின் முறை. நிறுவனமே முதலிடும், மிச்சத்திலிருந்து தன் பங்கை ஆண்டுதோறும் பெற்றுக்கொள்ளும். மத்திய அரசின் மின்துறைப் பொது நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் அமைத்த இ.இ.எஸ்.எல். இவ்வகையில் பெரும் அளவில் செயற்பட்டது. சிறு கட்டடங்களுக்கு இம்முறை எளிதில் பொருந்துவதில்லை. ஒப்பந்தம் எழுதும் செலவும், மிச்சத்தை அளந்து உறுதிசெய்யும் செலவும் மிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரே தெருவின் பத்துக் கட்டடங்கள் சேர்ந்தால் கணக்கு மாறும். அதற்கு வணிகர் சங்கங்கள் முன்வர வேண்டும்.

மிச்சத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. செலவழியாத யூனிட்டை எந்த மீட்டரும் காட்டாது. முன்பிருந்த நுகர்வோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். அந்த அடிப்படை ஆண்டு எது என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன. பொது முடக்கம் நிலவிய 2020ஐ அடிப்படையாகக் கொண்டால், எத்தனை விளக்கை மாற்றினாலும் நுகர்வு கூடியதாகவே தோன்றும். அவ்வாண்டில் கட்டடத்தில் புதிதாக ஓர் உணவகம் வந்திருந்தால் அதன் சுமையைக் கழிக்க வேண்டும். மழை முந்தியோ பிந்தியோ வந்திருப்பின் அதனையும் கருத வேண்டும். ஆகவே தணிக்கை முடிந்த நாளிலேயே அடிப்படை ஆண்டையும், திருத்தங்களுக்கான விதியையும் எழுதி, உரிமையாளர், வாடகைதாரர் இருவரும் கையொப்பமிடுதல் நலம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, கூரைச் செலவை உரிமையாளர் ஏற்பது, மின்கட்டண மிச்சத்தில் ஒரு பகுதி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாடகையுடன் சேர்வது என ஒரு பிரிவைச் சேர்க்கலாம். அப்பிரிவுக்கு ஆதாரமாக இணைக்க வேண்டியவை அந்தப் 12 மாதச் சீட்டுகளும், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் குறித்த மீட்டர் அளவுகளுமே.