எந்த டெஸ்ட் போடுவது? உளவியல் ஆய்வில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

1938 ஜனவரியில் கல்கத்தாவில் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாடு நடந்தது. தலைமையுரை ஆற்றியவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் போவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கேட்டுப் போவதுதான், ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற கருத்தை அவர் அங்கே முன்வைத்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நம் உளவியல் மாணவர்கள் நூற்றுக்கணக்கான கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கி, எக்செல்லில் ஏற்றி முடித்த பிறகுதான் "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பல இடங்களில் அப்படித்தான் சொல்லித்தரப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: தரவைப் பார்த்துத்தான் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

எந்தச் சோதனை என்பது பெரும்பாலும் தரவு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவை கேள்வியும் ஆய்வின் அமைப்பும். ஒரே ஆட்களை இரண்டு முறை அளக்கிறோமா, வெவ்வேறு ஆட்களையா? அளப்பது மதிப்பெண்ணா, 'ஆம், இல்லை' போன்ற வகையா? தேடுவது வேறுபாட்டையா, இரண்டு மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்பையா? விடுதி மாணவிகளுக்கும் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கும் தனிமை உணர்வில் வேறுபாடு உண்டா என்று கேட்டால் இரு தனிக்குழு டி-டெஸ்ட். அதே விடுதி மாணவிகளைச் சேர்ந்த வாரத்திலும் ஆறு மாதம் கழித்தும் அளந்தால் இணை டி-டெஸ்ட். பின்னதன் தரவை முன்னதில் போட்டாலும் கணினி தடுக்காது, விடையும் தரும். ஆனால் ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும் என்ற அருமையான தகவல் அந்தக் கணக்கில் வீணாகிவிடும்.

நம்பிக்கை: 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதினால் அது கருதுகோள்

"ஆண்களுக்கும் பெண்களுக்கும் மன அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." அடுத்து வயது. அடுத்து நகரம், கிராமம். அதன்பின் கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம், பெற்றோர் வருமானம், பிறப்பு வரிசை. இப்படிப் பக்கம் பக்கமாகப் போகும் ஆய்வேடுகள் நிறைய உண்டு. இது தன்விவரப் படிவத்தின் கட்டங்களை வரிசையாக எழுதிய பட்டியல். எதை எதிர்பார்க்கிறோம், ஏன் எதிர்பார்க்கிறோம் என்பது இதில் எங்கும் இல்லை.

'வேறுபாடு இல்லை' என்று வைத்துக்கொள்ளும் இன்மைக் கருதுகோள் என்ற கருத்தை 1935இல் வந்த தன் 'தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்' நூலில் ஃபிஷர் நிலைநிறுத்தினார். சோதனை தன் கணக்குக்காக அதை வைத்துக்கொள்கிறது. ஆய்வாளருடைய கருதுகோள் கோட்பாட்டிலிருந்து வர வேண்டும், திசை காட்ட வேண்டும், பொய்த்துப்போக இடம் தர வேண்டும். "இரவில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் மாணவர்கள், அதற்கு மேல் தூங்குபவர்களைவிடக் கவனச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெறுவார்கள், ஏனெனில் தூக்கக் குறைவு விழிப்புநிலையைத் தளர்த்துகிறது" என்று எழுதிப் பாருங்கள். என்ன அளப்பது, யாரை ஒப்பிடுவது, எப்போது நம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வது எல்லாமே அந்த வாக்கியத்தில் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருதுகோளுக்குள் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. கருதுகோள் பேசுவது மக்கள்தொகையைப் பற்றி. குறிப்பிடத்தக்கதா இல்லையா என்பது கையிலிருக்கும் மாதிரியைப் பற்றிய தீர்ப்பு.

பட்டியல் முறையில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத 20 தனித்தனி ஒப்பீடுகளை 5 சதவீத அளவில் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகக் 'குறிப்பிடத்தக்கது' என்று வர 64 சதவீத வாய்ப்பு. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் உடனிருந்தோரும் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்யாதபோது மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. பிறப்பு வரிசைக்கும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு கண்டுபிடித்ததாக எழுதுமுன் அந்த மீனை நினைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: பி-மதிப்பு 0.05க்குக் கீழே என்றால் கருதுகோள் 95 சதவீதம் உண்மை

இல்லை. இன்மைக் கருதுகோளே சரி என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைத்த அளவோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி-மதிப்பு சொல்கிறது. 0.05 என்ற எல்லையை 1925இல் ஃபிஷர் வசதி கருதி வைத்தார். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. பி-மதிப்பு கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை அளப்பதில்லை, விளைவு பெரிதா சிறிதா என்பதையும் சொல்வதில்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

நம்பிக்கை: குழுவுக்கு 30 பேர் போதும், வேறுபாடு வராவிட்டால் வேறுபாடு இல்லை

இரண்டும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே கெடுக்கின்றன. நடுத்தர அளவு விளைவு, அதாவது இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே அரைத் திட்ட விலக்க வேறுபாடு, உண்மையிலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 30 பேரை வைத்து 5 சதவீத அளவில் இருமுனைச் சோதனை செய்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை. 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். விளைவு சிறியது, ஐந்தில் ஒரு திட்ட விலக்கம்தான் என்றால் குழுவுக்கு 390க்கு மேல். ஜேகப் கோஹன் 1962இலேயே ஓர் உளவியல் இதழின் கட்டுரைகளை ஆராய்ந்து, நடுத்தர விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் அவற்றில் ஏறத்தாழ பாதிதான் என்று காட்டிவிட்டார்.

ஆகவே 'வேறுபாடு வரவில்லை' என்பதற்கு 'வேறுபாடு இல்லை' என்றும் பொருள் இருக்கலாம், 'பார்க்கும் வசதி நமக்கு இல்லை' என்றும் பொருள் இருக்கலாம். "இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். "மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை" என்று எழுதி, நம்பக இடைவெளியையும் கொடுங்கள்.

மாதிரி அளவாகப் பலர் காட்டும் 384 என்ற எண்ணைப் பற்றியும் இங்கே ஒரு சொல். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் தந்த அட்டவணையிலிருந்து அது வருகிறது. மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை மதிப்பிடும் கருத்துக்கணிப்புக்கான அட்டவணை அது. குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அதைக் காட்டி மாதிரி அளவை நியாயப்படுத்த முடியாது.

நம்பிக்கை: லைக்கர்ட் அளவுகோல் என்றால் மான்-விட்னி

தனி ஒரு கேள்வியின் விடை வரிசைத் தரவு என்பது சரி, அதற்குத் தரவரிசையை வைத்து ஒப்பிடும் மான்-விட்னி சோதனை பொருந்தும். ஆனால் இருபது கேள்விகளைக் கூட்டிய மொத்த மதிப்பெண்ணுக்கு டி-டெஸ்ட் பெரும்பாலும் நன்றாகவே ஒத்துவரும். டி-டெஸ்ட் செய்ய ஒட்டுமொத்தத் தரவும் மணி வடிவில் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் பிழை. நிபந்தனை ஒவ்வொரு குழுவின் சராசரியிலிருந்தும் விலகும் எச்சங்களுக்கு, மாதிரி பெரிதாக ஆக அதுவும் தளர்கிறது. ஷாபிரோ-வில்க் போன்ற இயல்நிலைச் சோதனைகள் சிறிய மாதிரியில் கோணலைக் கவனிக்காமல் விடும், பெரிய மாதிரியில் கவலைப்படத் தேவையில்லாத கோணலைக்கூடப் பிடித்துக்கொள்ளும். குழுக்களின் பரவல் சமமில்லை என்ற சந்தேகம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. அதற்கு வெல்ச் 1947இல் தந்த முறை இருக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் காட்டும் டி-டெஸ்ட் அட்டவணையின் இரண்டாவது வரி அதுதான், பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

நம்பிக்கை: பயிற்சிக் குழுவில் மாற்றம் வந்தது, மற்றதில் வரவில்லை, ஆகவே பயிற்சி பலித்தது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் கவலைக்குரியதாக நினைக்கிறேன். யோகா, மூச்சுப் பயிற்சி, ஆலோசனை என்று எந்தத் தலையீட்டு ஆய்வை எடுத்தாலும் இந்தப் பிழை எட்டிப்பார்க்கிறது. தேர்வு பயம் அதிகமுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு மூச்சுப் பயிற்சி தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் அளக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக இணை டி-டெஸ்ட். பயிற்சிக் குழுவில் பி-மதிப்பு 0.03, கட்டுப்பாட்டுக் குழுவில் 0.08. உடனே "பயிற்சி பயனளித்தது" என்று எழுதிவிடுகிறோம்.

இரண்டு குழுக்களையும் இங்கே யாரும் ஒப்பிடவே இல்லை. 0.03க்கும் 0.08க்கும் நடுவே கோடு விழுந்ததாலேயே இரு குழுக்களின் மாற்றங்கள் வேறுவேறு என்று ஆகிவிடாது. பயிற்சிக் குழுவில் பயம் 6 புள்ளியும் மற்றதில் 5 புள்ளியும் குறைந்திருந்தால்கூட இப்படி வரலாம். கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஏன் குறைகிறது என்றால், மிக அதிக மதிப்பெண் பெற்றவர்களையே பொறுக்கி எடுத்தால் அடுத்த முறை அளக்கும்போது அவர்கள் எதுவும் செய்யாமலே சராசரியை நோக்கி இறங்குவார்கள். அதைக் கழித்துப் பார்க்கத்தான் கட்டுப்பாட்டுக் குழுவே வைத்தோம்!

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொருவரின் மாற்றத்தையும் கணக்கிட்டு, இரு குழுக்களின் மாற்றங்களை ஒரே டி-டெஸ்ட்டில் ஒப்பிடலாம். கலப்பு அனோவாவில் குழுவும் காலமும் இணையும் இடைவினை தரும் விடையும் இதுவேதான். மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் முன்மதிப்பெண்ணைச் சரிக்கட்டும் அன்கோவா இன்னும் கூர்மையானது. 2011இல் நியூவன்ஹூஸ், ஃபோர்ஸ்ட்மன், வாகன்மேக்கர்ஸ் மூவரும் முன்னணி இதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளை அலசினார்கள். இந்தப் பிழைக்கு இடமிருந்தவை 157. அவற்றில் 79இல் பிழை நடந்திருந்தது. பெரிய இதழ்களிலேயே பாதி.

நம்பிக்கை: முடிவைப் பார்த்துக் கருதுகோளைத் திருத்தினால் என்ன?

இந்தப் பழக்கத்தை நார்பர்ட் கெர் 1998இல் அடையாளம் காட்டினார். 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் தரவைப் பார்த்த பிறகு முடிவெடுப்பதன் விளைவைச் செய்தே காட்டினார்கள். 'வென் ஐயம் சிக்ஸ்டி-ஃபோர்' என்ற பீட்டில்ஸ் பாடலைக் கேட்டவர்களின் வயது கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு குறைந்தது என்று 0.05க்குக் கீழான பி-மதிப்போடு நிரூபித்தார்கள். பொய்த் தரவு ஏதுமில்லை. எந்த மாறியைச் சொல்வது, எப்போது நிறுத்துவது, எதைச் சரிக்கட்டுவது என்ற முடிவுகளைத் தரவைப் பார்த்த பிறகு எடுத்தார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட நான்கு சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு 60 சதவீதத்தைத் தாண்டுகிறது என்றும் கணக்கிட்டார்கள். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்கதாக இருந்தது 36 சதவீதமாகச் சரிந்தது.

தரவுக்குள் தேடிப் பார்ப்பது தவறில்லை. தேடியதில் கிடைத்ததை முன்பே எதிர்பார்த்ததாக எழுதுவதுதான் தவறு.

கருதுகோளையும் சோதனையையும் தரவுக்கு முன்பே பதிவு செய்து, அந்தத் திட்டத்தின் தரத்தைப் பார்த்தே இதழ் கட்டுரையை ஏற்கும் முறை 2013 முதல் இருக்கிறது. ஷீலும் உடனிருந்தோரும் 2021இல் ஒப்பிட்டபோது, வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் கருதுகோள் சரி என்றன. முன்பதிவு செய்தவற்றில் 44 சதவீதம்தான் அப்படிச் சொன்னன. வழிகாட்டிகளும் வைவா தேர்வாளர்களும் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைக்க வேண்டும். கருதுகோள் பொய்த்துப்போன ஆய்வேட்டுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். மாணவர்களே, முதல் கேள்வித்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் உங்கள் கேள்வி, எதிர்பார்ப்பு, சோதனை, மாதிரி அளவு நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள்.