மருந்துச் சீட்டும் முனைவர் பட்டமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பத்தாம் வகுப்பில் காலடி வைத்ததுமே நம்மைத் துரத்தும் கேள்வி, "எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" என்பதே. உயிரியல் எடுத்தால் டாக்டர், கணிப்பொறி எடுத்தால் இன்ஜினியர் என்று ஊரே தீர்மானித்து வைத்திருக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கின்ற துறை ஒன்று உண்டு என்று அறிந்த நாள் முதல் எனக்கு உறக்கம் குறைந்துவிட்டது. (உறங்காப்புளி நிற்கும் ஊர்க்காரி அல்லவா!) அத்துறையின் பெயர் உயிரிமருத்துவத் தகவலியல். அதில் முனைவர் பட்டம் பெறுவோர் ஆண்டுக்கணக்கில் என்னதான் செய்கிறார்கள் என்பதை, படித்தும் கேட்டும் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவர்களுடைய மஞ்சள் துணிப்பை நிறைய மருந்துச் சீட்டுகளும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கும். சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் பழைய சீட்டு ஒன்று கைக்குக் கிடைக்காமல் போகவே, முன்பே ஒத்துக்கொள்ளாத மாத்திரையை மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆச்சி இரண்டு நாள் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மாத்திரை ஆகாது என்ற செய்தி பைக்குள் எங்கோ இருக்கத்தான் செய்தது. வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கண்ணில் படவில்லை. மருத்துவச் செய்திகளைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, அவற்றிலிருந்து நோயாளிக்கு உதவும் முடிவை எடுப்பது எப்படி என்று ஆராய்வதே இத்துறை. மருந்துச் சீட்டு மட்டுமன்று, எக்ஸ்ரே படம், மரபணு வரிசை எல்லாமே இதில் அடங்கும்.

இத்துறையின் தொடக்ககாலப் புகழ்பெற்ற பணிகளுள் ஒன்று ஒரு மாணவரின் ஆய்வேடே ஆகும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்பவர் 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் உருவாக்கிய 'மைசின்' என்னும் கணிப்பொறி நிரல், மருத்துவரிடம் கேள்விகள் கேட்டு, நோய்த்தொற்று எந்தப் பாக்டீரியாவால் வந்திருக்கலாம், எந்த மருந்து தரலாம் என்று ஆலோசனை கூறியது. ஆனால் அது எந்த மருத்துவமனையிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோயாளியின் விவரங்களை எல்லாம் மருத்துவரே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது போலும்!

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். தொடக்கத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். ஆகவே விழித்திரையைப் படம் பிடித்து அவ்வப்போது பார்க்க வேண்டும். படம் எடுப்பது எளிது. பார்த்துச் சொல்லும் மருத்துவர்கள்தாம் குறைவு. எனவே கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பழக்கினார்கள். அப்படங்கள் அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. 54 மருத்துவர்கள் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூவர் பார்த்தனர். 2016இல் முடிவு வெளிவந்தது. ஒரு சோதனைத் தொகுப்பில், நோயுள்ளவர்களில் 97.5 விழுக்காட்டினரை அது கண்டுபிடித்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் பார்த்து, "உனக்கு நோயில்லை" என்று சொன்னால் தொண்ணூறு பேருக்குச் சொன்னது சரிதானே! நம் பரீட்சையில் தொண்ணூறு வாங்கினால் மாலை போடுவார்கள். இந்த இயந்திரமோ நோயாளி ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை. ஆதலால் நோயுள்ளவரை எத்தனை சரியாகப் பிடித்தது, நோயில்லாதவரை எத்தனை சரியாக விட்டது என்று இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். இக்கணக்கு புரிந்தபோதுதான் எனக்கு இத்துறையின்மீது உண்மையான ஆசை வந்தது.

அடுத்து, அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அதே முறையைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். அரவிந்தில் 88.9 விழுக்காடு, சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காடு. கைப்படத் தரம் பிரித்தவர்களுக்கு இது குறைந்ததன்று. இரு ஆய்வுகளின் அளவுகோலும் முற்றிலும் ஒன்றல்ல. இருந்தாலும் 88.9 என்றால் நூறு நோயாளிகளில் பதினொருவர் தப்பிவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பதினொருவர் ஏன் தப்பினார்கள்? படம் மங்கலா? கண்ணில் புரையா? பழக்கிய படங்களில் அவர்களைப் போன்றோர் குறைவா? இப்படி ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதுவரை எவரும் சொல்லாத விடையைச் சான்றுடன் நிறுவுவதே முனைவர் பட்ட ஆய்வு. நோயாளியின் பெயரை நீக்காமலும் ஒப்புதல் இல்லாமலும் படங்களை இஷ்டம்போல் எடுத்துவிட முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இதை ஆச்சியிடம் சொன்னேன். "பேரைச் சொல்லாமப் பாத்தா பாத்துட்டுப் போகட்டும்" என்றார்கள்.

இனி வழி. முதலில் இளநிலைப் பட்டம், பிறகு முதுநிலைப் பட்டம். நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் நேராகவே ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். 'நெட்' தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 முதல் இந்தத் தொகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. நம் நாட்டில் உயிரித் தகவலியல், கணிப்பு உயிரியல் முதலிய பெயர்களிலும் இத்தகைய ஆய்வு நடைபெறுகிறது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பு உயிரியலில் ஆய்வு செய்யலாம்.

இதை எல்லாம் வீட்டில் சொன்னபோது அத்தை, "ஏட்டி, இருபத்தெட்டு வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டேவா இருப்ப?" என்றார்கள். கணக்குப் பார்த்தேன், அத்தை சொன்ன வயது சரிதான். ஆனால் ஆறு ஆண்டு விதியையும் 240 நாள் விடுப்பையும் அப்பாவிடம் எடுத்துக் காட்டியதும், "முதல்ல பிளஸ் டூ முடி" என்றார்கள். அது மறுப்பு இல்லையே!

என் முடிவு, கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப். நிரல் எழுதப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். கணிதத்தையும் உயிரியலையும் இப்போது விட்டால் பிடிப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த மாதம் ஆச்சியை விழித்திரைப் படம் எடுக்கத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போகிறோம். மஞ்சள் பையிலிருந்த சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு நீள நோட்டில் ஒட்டிவிட்டேன். ஆகாத மாத்திரையின் பெயரை முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.